கல் எடுத்தவர்களும் கால்நடையாகப் போனவர்களும்

தேர்தல் நாளன்று எங்கள் வீட்டில் விடியற்காலையிலேயே இட்லி கொப்பரை அடுப்பில் ஏறிவிட்டது. என் மாமியார் குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, "வெயில் ஏறறதுக்குள்ள போயிட்டு வந்துடலாம் வா" என்று வாசலில் செருப்போடு தயார். என் பெண்ணுக்கு அதுதான் முதல் ஓட்டு. அவளோ போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "என் ஒரு ஓட்டுல என்னம்மா ஆகிடப் போறது? ஒரு மணி நேரம் வரிசையில நிக்கணுமா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் கோபித்துக்கொண்டால் இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்களா? "சரி, வா. வரிசையில் நிற்கிற நேரம் முழுக்க ஒரு கதை சொல்கிறேன். கதை பிடிக்கவில்லை என்றால் பாதியிலேயே திரும்பிப் போய்விடு" என்று கிளப்பிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நின்றபடி அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பர்ஸ் யாருடையது?

இங்கிலாந்தில் மில்லிசென்ட் ஃபாசெட் என்று ஒரு அம்மாள். 1847-ல் பிறந்தவர். ஒருநாள் லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தில் ஒரு பையன் அவருடைய பர்ஸை அடித்துவிட்டான். பிடித்துவிட்டார்கள். கோர்ட்டில் குற்றப் பத்திரிகையைப் பார்த்த அம்மாளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. திருடு போன பர்ஸும் அதிலிருந்த ஒரு பவுன் பதினெட்டு ஷில்லிங் ஆறு பென்ஸும் 'ஹென்றி ஃபாசெட்டின் சொத்து' என்று எழுதியிருந்தது! ஹென்றி என்பவர் அவருடைய கணவர். அன்றைய சட்டப்படி கல்யாணமான பெண்ணுக்குத் தன் பர்ஸ் கூடச் சொந்தமில்லை. தன் மேலேயே திருட்டுப் பட்டம் கட்டினாற்போல் இருந்ததாம் அந்த அம்மாளுக்கு.

பர்ஸே சொந்தமில்லாதவளுக்கு ஓட்டு எங்கிருந்து வரும்? 1832-ல் வந்த தேர்தல் சீர்திருத்தச் சட்டம், ஓட்டுப் போடுகிறவர் 'ஆண்' என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. 1866-ல் சுமார் 1,500 பெண்கள் கையெழுத்திட்டு, 'எங்களுக்கும் ஓட்டு வேண்டும்' என்று ஒரு மனு தயார் செய்தார்கள். அதைப் பார்லிமென்டுக்கு எடுத்துக்கொண்டு போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் எமிலி டேவிஸ். இன்னொருவர் மில்லிசென்டின் அக்கா எலிசபெத் காரெட், அதற்கு முந்தின வருஷம்தான் டாக்டராகத் தகுதி பெற்றவர். அவ்வளவு பெரிய காகிதச் சுருளோடு நிற்கக் கூச்சமாக இருந்ததால், அங்கே ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்த கிழவியிடம் சொல்லி, அவளுடைய கடைக்கு அடியில் ஒளித்து வைத்தார்களாம். பிறகு ஜான் ஸ்டூவர்ட் மில் என்ற அறிஞர் அதை வாங்கிச் சபையில் கொடுத்தார். மறு வருஷம், 1867-ல் அவர் கொண்டுவந்த திருத்தத்துக்கு ஆதரவாக 73 ஓட்டு, எதிராக 196 ஓட்டு. தோல்வி. அன்று பெண்கள் காலரியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், இருபது வயதுகூட நிரம்பாத மில்லிசென்ட்.

எமிலி டேவிஸ் ஒரு நாள் காரெட் சகோதரிகளோடு பேசிக்கொண்டிருந்தபோது வேலையைப் பங்கு போட்டாராம்: "நான் பெண்களின் படிப்பைப் பார்த்துக்கொள்கிறேன், எலிசபெத் வைத்தியத்தைப் பார்த்துக்கொள்ளட்டும், நீ எல்லாரையும்விடச் சின்னவள், ஓட்டு உன் பொறுப்பு" என்று. குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லி வந்த கதை அது. கதையோ நிஜமோ, கடைசியில் அப்படியேதான் நடந்தது.

மனு, மனு, மறுபடியும் மனு

மில்லிசென்ட் அம்மாளின் வழி நிதானம். கூட்டம் போடு, மனு எழுது, எம்.பி.க்களைப் போய்ப் பார், மறுபடியும் எழுது. 1897-ல் நாடு முழுவதும் இருந்த சங்கங்களை ஒன்று சேர்த்துத் தேசிய ஐக்கியம் ஒன்றை உருவாக்கினார். இந்த அமைதிக் கட்சிக்காரர்களுக்கு 'சஃப்ரஜிஸ்ட்' என்று பெயர்.

பணக்கார வீட்டுச் சீமாட்டிகளின் பொழுதுபோக்கு என்று இதை நினைத்துவிடாதீர்கள். 1901-ல் லங்காஷயர் பஞ்சாலைப் பெண்கள் கிட்டத்தட்ட 30,000 பேர் கையெழுத்துப் போட்ட மனு ஒன்று பார்லிமென்டுக்குப் போனது. ஆலை வாசலிலும் வீட்டு வாசலிலும் நின்று வாங்கிய கையெழுத்துகள்.

1907 பிப்ரவரியில் லண்டனில் 3,000-க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலம் போனார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. தரையில் புரளும் பாவாடையெல்லாம் சேறு. 'சேற்று ஊர்வலம்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நடுத்தெருவில் நாலு பேர் பார்க்க நடப்பதே மானக்கேடு என்று நினைத்த காலத்தில், சேறும் சகதியுமாக நடந்தார்களே, அது சாதாரணமா?

ஆனாலும் அரசாங்கம் அசையவில்லை. மனு வாங்கிக்கொள்வார்கள், புன்னகை செய்வார்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்பார்கள். மகளிர் சங்கத்தில் இருந்தவர்களுக்கு இந்தப் புன்னகை நன்றாகவே தெரிந்திருக்கும்!

"பேசியது போதும்!"

மான்செஸ்டரில் எம்மெலின் பாங்க்ஹர்ஸ்ட் என்று இன்னொரு அம்மாள். 1898-ல் கணவர் இறந்துபோனார். குடும்பத்தைக் காப்பாற்ற, பிறப்பு இறப்புப் பதிவாளர் உத்தியோகம் பார்த்தார். பதின்மூன்று வயசுச் சிறுமிகள் கைக்குழந்தையோடு வந்து பிறப்புப் பதிவு செய்ததையெல்லாம் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தவர். இந்த அநியாயங்களை மாற்றச் சட்டம் வேண்டும், சட்டம் செய்ய ஓட்டு வேண்டும், அதற்கு இன்னும் எத்தனை வருஷம் காத்திருப்பது? 1903 அக்டோபரில் தன் வீட்டு ஹாலிலேயே ஒரு சங்கம் ஆரம்பித்தார். 'சொல் அல்ல, செயல்' என்பது அவர்கள் மந்திரம்.

1905-ல் மான்செஸ்டரில் ஒரு பெரிய அரசியல் கூட்டம். எம்மெலினின் மகள் கிறிஸ்டபெலும், பத்து வயதிலேயே பஞ்சாலைக்கு வேலைக்குப் போன ஆனி கென்னியும் எழுந்து நின்று, "உங்கள் ஆட்சி வந்தால் பெண்களுக்கு ஓட்டுக் கொடுப்பீர்களா?" என்று கேட்டார்கள். பதில் இல்லை. மறுபடி கேட்டார்கள். தரதரவென்று இழுத்து வெளியே தள்ளிக் கைது செய்தார்கள். அபராதம் கட்டினால் வீட்டுக்குப் போயிருக்கலாம். மாட்டோம் என்று இருவரும் ஜெயிலுக்குப் போனார்கள். மறுநாள் பத்திரிகைகளில் இதே பேச்சு. நாற்பது வருஷ மனுக்கள் செய்யாததை ஒரு கேள்வி செய்துவிட்டது! 1906-ல் 'டெய்லி மெயில்' பத்திரிகை இவர்களைக் கேலி செய்ய 'சஃப்ரஜெட்' என்று ஒரு பெயர் வைத்தது. "நல்ல பெயராக இருக்கிறதே" என்று அதையே எடுத்துச் சூட்டிக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என் பெண் கேட்டாள்: "அப்போ ரெண்டு கோஷ்டிக்கும் சண்டையாம்மா?"

முதலில் இல்லை. 1906 டிசம்பரில் ஜெயிலிலிருந்து வெளியே வந்த சஃப்ரஜெட்டுகளுக்கு சவாய் ஹோட்டலில் விருந்து வைத்ததே மில்லிசென்ட் அம்மாள்தான். அவர்கள் வழி வேறு, ஆனால் தைரியம் பெரிது என்று மதித்தார். பின்னால் ஜன்னல் கண்ணாடி உடைந்து, நெருப்பு வைப்பது வரை போனபோதுதான், "இது என் வழியல்ல" என்று பகிரங்கமாகவே விலகிக்கொண்டார்.

பட்டினியும் ரப்பர் குழாயும்

1909 ஜூலையில் மரியன் வாலஸ் டன்லப் என்ற ஓவியர் ஜெயிலில் சாப்பிட மறுத்தார். 91 மணி நேரம் பட்டினி. பயந்துபோய் விட்டுவிட்டார்கள். உடனே மற்றவர்களும் பட்டினி கிடக்க ஆரம்பித்தார்கள். அரசாங்கம் செப்டம்பரிலிருந்து வேறு வழி கண்டுபிடித்தது. நாலைந்து காவல்காரிகள் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, டாக்டர் மூக்கு வழியாகவோ தொண்டை வழியாகவோ குழாயை விட்டு உணவை ஊற்றுவது.

பாலாடையில் குழந்தைக்கு மருந்து புகட்டும்போது அது திமிறினால் நமக்கு எப்படிப் பதறுகிறது! வாய் பிளந்து மாட்ட இரும்பு இடுக்கி வேறு. பல் உடைந்தவர்கள் உண்டு. குழாய் தவறி நுரையீரலுக்குள் போய் உயிருக்கே ஆபத்தானவர்களும் உண்டு.

இங்கே ஒரு அம்மாளைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். லேடி கான்ஸ்டன்ஸ் லிட்டன். பிரபு குடும்பம். பட்டினி கிடந்தபோது, இதயம் பலவீனம் என்று சொல்லி இவரை மட்டும் மரியாதையாக வெளியே அனுப்பிவிட்டார்கள். "என் இதயத்துக்காகவா, என் குடும்பப் பேருக்காகவா?" என்று அவருக்குச் சந்தேகம். தலைமுடியை வெட்டி, மலிவான கண்ணாடி மாட்டி, 'ஜேன் வார்ட்டன், தையல்காரி' என்று பெயர் சொல்லி, 1910 ஜனவரியில் லிவர்பூலில் மறுபடி கைதானார். தையல்காரிக்கு யார் இதயத்தைப் பார்ப்பார்கள்? சோதிக்காமலேயே குழாயை இறக்கினார்கள். 1912-ல் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இடது கையால் எழுதிப் பழகி, தன் சிறை அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார்.

இவருடைய தகப்பனார் யார் தெரியுமா? நம் நாட்டில் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபு. நம் பாட்டிமார் 'தாது வருஷப் பஞ்சம்' என்று சொல்வார்களே, 1876-78-ல் சென்னை மாகாணமே செத்து விழுந்த பஞ்சம், அப்போது ஆட்சியில் இருந்தவர். பசியைப் பொருட்படுத்தாத ஆட்சி என்று பழி கேட்ட வைஸ்ராயின் பெண், யாரோ ஒரு தையல்காரிக்காகத் தானே பட்டினி கிடந்தாள். இதைச் சொன்னபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் கூடத் திரும்பிப் பார்த்தார்.

1913-ல் ஒரு புதுச் சட்டம் வந்தது. பட்டினியால் உயிர் போகும் நிலை வந்தால் வெளியே விடுவது, வீட்டில் கஞ்சி குடித்துத் தேறியதும் மறுபடி பிடித்து உள்ளே போடுவது. 'பூனை-எலிச் சட்டம்' என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். எம்மெலின் அம்மாள் ஐம்பத்தைந்து வயசில் இப்படிப் பலமுறை போய்ப் போய் வந்தார்.

ஒரு இந்திய இளவரசி

கூட்டத்தில் நம்மவர் ஒருவரும் உண்டு. பஞ்சாப் மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தி, இளவரசி சோஃபியா துலீப் சிங். விக்டோரியா மகாராணியின் ஞானப் பெண். ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை வாசலிலேயே நின்று சஃப்ரஜெட் பத்திரிகை விற்றார்! 1910 நவம்பர் 18-ல் பார்லிமென்டுக்குப் போன பெண்களைப் போலீஸ் அடித்து உதைத்த 'கறுப்பு வெள்ளி' அன்று முன்வரிசையில் போனவர்களில் இவரும் ஒருவர். "ஓட்டு இல்லாதவளுக்கு வரி எதற்கு?" என்று வரி கட்ட மறுத்தார். அவருடைய வைர மோதிரத்தை ஜப்தி செய்து ஏலம் போட்டார்கள். தோழி ஒருவர் ஏலத்தில் எடுத்து அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நெருப்பும் நடையும்

1912 மார்ச்சில் லண்டன் கடைத்தெருவில் பெண்கள் சுத்தியலை ஆடைக்குள் மறைத்துக்கொண்டு போய் வரிசையாகக் கண்ணாடிகளை உடைத்தார்கள். பிறகு ஆளில்லாத வீடுகளுக்கு நெருப்பு. மந்திரி லாயிட் ஜார்ஜுக்காகக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் குண்டு. உயிருக்குச் சேதம் வரக்கூடாது என்பது அவர்கள் சங்கற்பம். ஆனால் நெருப்பு சொன்னபடி கேட்குமா? தபால் பெட்டிகளில் போட்ட ரசாயனத்தால் தபால்காரர்கள் சிலருக்குக் கை வெந்தது. கூலிக்கு வேலை செய்யும் அந்தத் தபால்காரர் என்ன பாவம் செய்தார்? இதை மறைத்துச் சொன்னால் கதை பாதிக் கதையாகிவிடும்.

1913 ஜூன் 4. எப்சம் குதிரைப் பந்தயம். எமிலி டேவிசன் என்ற பட்டதாரி, பாய்ந்து வரும் குதிரைகளுக்கு நடுவே இறங்கினார். ராஜாவின் குதிரை மோதி, நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போனது. சாகத்தான் போனாரா, குதிரையின் மேல் கொடியைக் கட்டப் போனாரா என்று இன்றும் விவாதம். அவரிடம் ஊர் திரும்புவதற்கான ரயில் டிக்கெட் இருந்தது.

அதே ஜூன் மாதம் அமைதிக் கட்சிப் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் தெரியுமா? நடந்துகொண்டிருந்தார்கள்! நாட்டின் எட்டுத் திசையிலிருந்தும் லண்டனை நோக்கி ஆறு வார யாத்திரை, பழனிக்குப் பாதயாத்திரை போவது போல. வழியில் ஊர் ஊராகக் கூட்டம். 'நாங்கள் சட்டத்தை மதிப்பவர்கள்' என்று பதாகை பிடித்தும், சில ஊர்களில் "நெருப்பு வைக்கிறவர்கள் வந்துவிட்டார்கள்" என்று கல்லும் அழுகல் காய்கறியும் பறந்தன. ஜூலை 26-ல் லண்டன் ஹைட் பார்க்கில் சுமார் 50,000 பேர் கூடினார்கள். அதன் பிறகு பிரதமர் ஆஸ்க்வித் அவர்களுடைய பிரதிநிதிகளைக் கூப்பிட்டுப் பேசினார்.

கடைசியில் கிடைத்தது

1914-ல் யுத்தம் வந்தது. எம்மெலின் போராட்டத்தை நிறுத்தினார். கைதிகள் விடுதலையானார்கள். ஆண்கள் போர்முனைக்குப் போக, பெண்கள் பஸ் கண்டக்டர் வேலையிலிருந்து வெடிமருந்துத் தொழிற்சாலை வரை பார்த்தார்கள். 1918 பிப்ரவரி 6-ல் சட்டம் நிறைவேறியது. அதிலும் ஓர் ஓரவஞ்சனை. ஆணுக்கு 21 வயது போதும். பெண்ணுக்கு 30 வயது ஆகவேண்டும், வீட்டுக்காரியாகவோ வீட்டுக்காரரின் மனைவியாகவோ சொத்துத் தகுதியும் வேண்டும். சுமார் 84 லட்சம் பெண்களுக்கு ஓட்டுக் கிடைத்தது. வெடிமருந்தில் கை மஞ்சளாகிப் போன இளம்பெண்களுக்கு இல்லை!

ஆணும் பெண்ணும் சமம் என்று ஆனது 1928 ஜூலை 2-ல். எம்மெலின் அம்மாள் அதற்கு மூன்று வாரத்துக்குள் முன்னதாக, ஜூன் 14-ல் கண்ணை மூடிவிட்டார். மில்லிசென்ட் அம்மாள் பார்லிமென்ட் காலரியில் உட்கார்ந்து பார்த்தார். 1867-ல் தோல்வியைக் கேட்ட அதே பெண், 61 வருஷம் கழித்து, எண்பத்தொரு வயசில் வெற்றியையும் கேட்டார். அடுத்த வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார்.

ஹாலோவேயிலிருந்து அடையாறுக்கு

இந்த நெருப்பின் பொறி ஒன்று நம் ஊருக்கும் வந்தது. மார்கரெட் கசின்ஸ் என்ற அயர்லாந்துப் பெண்மணி, 1910-ல் டவுனிங் தெருவில் கல்லெறிந்து ஹாலோவே சிறைக்குப் போனவர். 1915-ல் கணவரோடு இந்தியா வந்தார். 1917-ல் அன்னி பெசன்ட் முதலானவர்களோடு சேர்ந்து அடையாறில் இந்திய மாதர் சங்கத்தை ஆரம்பித்தார். அதே வருஷம் டிசம்பரில் சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று சென்னையில் மாண்டேகு மந்திரியைச் சந்தித்து ஓட்டுரிமை கேட்டது. கல் இல்லை, நெருப்பு இல்லை. 1921-ல், பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணங்களிலேயே முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. சொத்துத் தகுதி இருந்ததால் சிலருக்குத்தான் கிடைத்தது என்றாலும் கதவு திறந்துவிட்டது. 1927-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை சட்டசபையின் துணைத் தலைவராகவே ஆனார். ஹாலோவேயில் இருந்த மார்கரெட் அம்மாள் பின்னால் 1932-ல், நம் சுதந்திரத்துக்காகப் பேசி வேலூர் ஜெயிலுக்கும் போனார்.

சுதந்திரத்துக்குப் பிறகு எல்லாருக்கும் ஓட்டு. ஆனால் 1951-52-ல் நடந்த முதல் பொதுத் தேர்தலில் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஏன் தெரியுமா? பெரும்பாலும் வடக்கே, கணக்கெடுக்க வந்தவரிடம் அவர்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. 'இன்னாருடைய சம்சாரம்', 'இன்னாருடைய அம்மா' என்றே எழுதச் சொன்னார்கள். வாட்டர்லூ பர்ஸ் மறுபடியும் வந்து நிற்கிறது பார்த்தீர்களா?

"நீ எந்தக் கட்சி?"

இதற்குள் நாங்கள் வாசலுக்கு வந்துவிட்டோம். மூன்று பேரும் விரலில் மையோடு வெளியே வந்தபோது என் பெண் கேட்டாள்: "அம்மா, நீ அந்தக் காலத்துல இருந்திருந்தா எந்தக் கட்சி? கல்லா, நடையா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. மூக்கில் குழாய் விட்டுக்கொள்கிற துணிச்சல் எனக்கு இருந்திருக்காது. தபால்காரர் கை வேக நான் காரணமாக இருக்கவும் மாட்டேன். புளியோதரை கட்டிக்கொண்டு யாத்திரையில் நடந்திருப்பேன் என்று தோன்றியது. ஆனால் அந்த முரட்டுப் பெண்கள் ஊரையே திரும்பிப் பார்க்க வைத்திராவிட்டால், நடந்து போன பெண்களைப் பிரதமர் கூப்பிட்டிருப்பாரா? அப்படியே, அறுபது வருஷம் பொறுமையாக ஊர் ஊராக ஆதரவு திரட்டியவர்கள் இல்லாவிட்டால், வெறும் கல் மட்டும் சட்டமாகியிருக்குமா? இதைத்தான் அவளிடம் சொன்னேன்.

என் மாமியார், "இதுல என்னடி பெரிய யோசனை? ஆட்டுக்கல்லு அசையாம இருக்கும், குழவி சுத்திண்டே இருக்கும். ரெண்டும் இருந்தாத்தான் மாவு" என்றார். பிறகு மெதுவாக, "நான் கல்யாணம் ஆன புதுசுல உங்க தாத்தா சொன்ன சின்னத்துலதான் போட்டேன். அப்புறம் ஒரு தடவை மாத்திப் போட்டேன். இன்னி வரைக்கும் அவருக்குத் தெரியாது" என்று சொல்லிச் சிரித்தார்.

சகோதரிகளே, அடுத்த தேர்தல் வருமுன் ஒரு காரியம் செய்யுங்கள். வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கல்யாணமாகி வேறு ஊர் வந்த பெண்கள் விலாசத்தை மாற்றிக்கொண்டீர்களா என்று பாருங்கள். கைக்குழந்தை இருக்கிறதே, கூட்டமாக இருக்குமே என்று தள்ளிப் போடாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரியோடு முறை வைத்துக்கொண்டு போய் வாருங்கள்.

என் பெண் அன்று வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் மை விரலைப் போட்டோ எடுத்துச் சிநேகிதிகளுக்கெல்லாம் அனுப்பினாள். ஆறி அவலாகப் போன இட்லியைக் கூட முணுமுணுக்காமல் சாப்பிட்டாள்.